ஆன் வேட்லியா, ஆன் ஹாத்வேயா? பதிவேடுகள் முரண்படும்போது முன்னோரைத் தேடுவது

1582 நவம்பர் 27. இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில், ஆயர் அலுவலக எழுத்தர் ஒருவர் திருமண உரிமம் ஒன்றைப் பதிவேட்டில் குறித்துவைக்கிறார். மாப்பிள்ளை வில்லியம் ஷேக்ஸ்பியர். பெண், டெம்பிள் கிராஃப்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஆன் வேட்லி. மறுநாள் அதே அலுவலகத்தில், அதே திருமணத்துக்காக, 40 பவுண்டுக்கு ஒரு ஜாமீன் பத்திரம் எழுதப்படுகிறது. அதில் மாப்பிள்ளை அவரேதான். பெண் மட்டும் ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆன் ஹாத்வே.

ஒரு நாள் இடைவெளியில் பெண்ணின் குடும்பப் பெயரும் மாறிவிட்டது, ஊரும் மாறிவிட்டது. இரண்டுமே அசல் ஆவணங்கள், இரண்டும் இன்றும் இருக்கின்றன. திருமணம் நடந்ததற்கான பதிவு இதுவரை கிடைக்கவில்லை.

இதை வைத்து ஒரு காலத்தில் காதல் கதையே கட்டிவிட்டார்கள். ஷேக்ஸ்பியர் விரும்பியது வேட்லியை, கட்டாயத்தில் மணந்தது ஹாத்வேயை என்று. ஆனால் அந்தப் பதிவேட்டில் ஷேக்ஸ்பியரின் வரியை மட்டும் பார்க்காமல், அன்றைய மற்ற வேலைகளையும் படித்தவர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். அதே நாளில் அந்த அலுவலகத்துக்கு ஒரு தசமபாக வழக்கும், அதாவது தேவாலயத்துக்குத் தர வேண்டிய பத்தில் ஒரு பங்கு பற்றிய வழக்கும், வந்திருக்கிறது. அதில் ஒரு தரப்பு வில்லியம் வேட்லி என்ற பாதிரியார். எழுத்தரின் காதில் அந்தப் பெயர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, கை அதையே எழுதிவிட்டது. பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம் இதுதான். டெம்பிள் கிராஃப்டன் எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும் இன்னும் முடிவான பதில் இல்லை.

முன்னோரைத் தேடுபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து கிடையாது. இரண்டு ஆவணங்கள் மோதும்போது எது சரி, எது தப்பு என்று உடனே தீர்ப்புச் சொல்லத்தான் மனம் துடிக்கும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. இதை எழுதியவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், எந்தக் காரியத்துக்காக இந்தத் தாள் உண்டானது?

ஆனின் கதையில் இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். ஸ்ட்ராட்ஃபோர்டை ஒட்டிய ஷாட்டரி என்ற ஊரில் ரிச்சர்ட் ஹாத்வே என்ற விவசாயி 1581இல் உயில் எழுதினார். அதில் மகள்களுக்குக் கல்யாணச் செலவுக்குப் பணம் வைக்கிறார். ஆன் என்ற மகளே அதில் இல்லை. ஆக்னெஸ் என்ற மகள் இருக்கிறாள். அப்படியானால் இது வேறு குடும்பமா? இல்லை. ஆக்னெஸ் என்று எழுதப்பட்ட பெயரை அந்தக் காலத்தில் ஏறக்குறைய ‘ஆனெஸ்’ என்றுதான் உச்சரித்தார்கள். ஆனும் ஆக்னெஸும் ஒரே பெயரின் இரண்டு முகங்களாகப் புழங்கின.

சரி, பெயர் பொருந்துகிறது. ஆனால் பெயர் பொருத்தம் மட்டும் போதுமா? போதாது. இங்கேதான் சுற்றியிருப்பவர்கள் உதவிக்கு வருகிறார்கள். 1582 ஜாமீன் பத்திரத்தில் பொறுப்பேற்றவர்கள் இரண்டு பேர்: ஃபுல்க் சாண்டல்ஸ், ஜான் ரிச்சர்ட்சன். ரிச்சர்ட் ஹாத்வேயின் உயிலைத் திறந்தால் சாண்டல்ஸ் அதன் மேற்பார்வையாளர், ரிச்சர்ட்சன் அதன் சாட்சி. அப்பா இறந்தபின் மகளின் திருமணத்துக்கு அப்பாவின் நண்பர்கள் ஜாமீன் நின்றிருக்கிறார்கள். அப்புறம் ஒரு ஆட்டிடையர். தாமஸ் விட்டிங்டன் என்ற அவருக்குத் தர வேண்டிய பணத்தைப் பற்றி ரிச்சர்டின் உயிலில் வருகிறது. இருபது ஆண்டு கழித்து, 1601இல், விட்டிங்டன் தன் உயிலை எழுதும்போது, ஷேக்ஸ்பியரின் மனைவி ஆனிடம் தனக்குச் சேர வேண்டிய 40 ஷில்லிங் இருப்பதாகவும், அதை ஸ்ட்ராட்ஃபோர்டின் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்கிறார். ஒரு இடையரின் 40 ஷில்லிங் ஷாட்டரியின் ஆக்னெஸையும் ஷேக்ஸ்பியரின் மனைவியையும் ஒன்றாகக் கட்டிப்போடுகிறது.

வயது? ஆன் 1623 ஆகஸ்ட் 6 அன்று இறந்தார் என்றும் அப்போது வயது 67 என்றும் கல்லறைத் தகடு சொல்கிறது. அதன்படி பிறப்பு 1555 அல்லது 1556. ஞானஸ்நானப் பதிவைப் பார்க்கலாம் என்றால், ஸ்ட்ராட்ஃபோர்டின் பதிவேடு தொடங்குவதே 1558இல். ஆக, அவருடைய வயதுக்கு ஒரே ஆதாரம், அவர் இறந்தபின் வேறு யாரோ சொல்லிப் பொறித்த ஒரு எண். எல்லாப் புத்தகங்களிலும் வரும் ‘ஷேக்ஸ்பியரைவிட எட்டு வயது மூத்தவர்’ என்ற வாக்கியம் அந்த ஒற்றை எண்ணின்மேல்தான் நிற்கிறது.

பதிவேடு என்பதே பிரதிதான்

இங்கிலாந்தில் ஒவ்வொரு பங்கும் (ஒரு தேவாலயத்தின் எல்லைக்கு உட்பட்ட வட்டாரம்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538இல் உத்தரவு போட்டவர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல். வாராவாரம் எழுத வேண்டும், இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும் என்பது விதி. பல ஊர்களில் சாதாரணத் தாளில் எழுதினார்கள், அவை நைந்துபோயின. அதனால் 1598இல், பழையவற்றையெல்லாம் தோல் தாளில் படியெடுக்கச் சொன்னார்கள். குறிப்பாக எலிசபெத் அரசி பட்டத்துக்கு வந்த காலம் தொட்டாவது எடுங்கள் என்றார்கள். அவர் பட்டத்துக்கு வந்தது 1558. நிறையப் பங்குகளில் பதிவேடு சரியாக அந்த ஆண்டில் தொடங்குவதன் காரணம் புரிகிறதா? அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளைப் பல எழுத்தர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள்.

1564 ஏப்ரல் 26 என்று நாம் காட்டும் ஷேக்ஸ்பியரின் ஞானஸ்நானப் பதிவுகூட 1600இல் எடுத்த பிரதிதான். அது ஞானஸ்நானத் தேதி. ஏப்ரல் 23 என்று கொண்டாடப்படும் பிறந்தநாள் ஓர் ஊகம். பதிவேட்டில் இருப்பது பிறந்த நாள் அல்ல, தண்ணீர் தெளித்த நாள் என்பதை மறந்துவிட்டுத் தடுமாறுபவர்கள் நிறைய. மூன்று நாளிலும் தெளிப்பார்கள், மூன்று வருடம் கழித்து நான்கு பிள்ளைகளையும் ஒரே ஞாயிறன்று வரிசையாக நிறுத்தியும் தெளிப்பார்கள். ஒரே தேதியில் நான்கு பெயர் வந்தால் நால்வர் ஒரே பிரசவத்தில் பிறந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

1598க்குப் பிறகு இன்னொரு ஏற்பாடும் பரவலானது. ஒவ்வொரு பங்கும் ஆண்டுக்கொரு முறை தன் பதிவுகளைப் படியெடுத்து ஆயருக்கு அனுப்ப வேண்டும். ஒரே நிகழ்ச்சிக்கு இப்படி இரண்டு பதிவுகள். இரண்டும் முழுதாக ஒத்துப்போவதில்லை. ஆயருக்குப் போன பிரதியில் இருக்கும் ஒரு குழந்தை பங்குப் புத்தகத்தில் இருக்காது, அல்லது அங்கே அம்மா பெயர் மேரி, இங்கே மார்த்தா. ஆண்டு முடிவில் உட்கார்ந்து நகல் எடுக்கும்போது கண் ஒரு வரி தாவியிருக்கலாம். அல்லது, குறிப்புத் தாளிலிருந்து இரண்டையும் எழுதும்போது ஒன்றில் கூடுதலாக ஒரு விவரம் சேர்ந்திருக்கலாம். அதனால் ஒன்று கிடைத்துவிட்டாலும் மற்றதையும் எடுத்துப் பார்ப்பதுதான் நல்லது.

தேதியிலேயே ஒரு பள்ளம் உண்டு. 1752க்கு முன்பு இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. பிப்ரவரி 1720 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது பிப்ரவரி 1721. ‘1720 மே மாதம் கல்யாணம், 1720 பிப்ரவரியில் குழந்தை’ என்று பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்பே பிறந்த பிள்ளை என்று அந்தப் பெண்ணைப் பற்றி எழுதிவைத்தவர்கள் உண்டு. பாவம் அந்தப் பெண். கல்யாணமாகி ஒன்பது மாதம் கழித்துத்தான் பெற்றிருக்கிறாள்.

வரி வந்தால் பதிவு எப்படி வளையும் என்பதற்கும் ஒரு காலகட்டம் இருக்கிறது. 1783 அக்டோபரிலிருந்து 1794 வரை, பதிவேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் முத்திரை வரி. ஏழைகளுக்கு விலக்கு. வரி அமலாகும் முன்பே பிள்ளைகளைக் கூட்டிவந்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டவர்கள் இருந்தார்கள். அமலான பிறகு, ஏழை என்ற குறியோடு பதிவான பெயர்கள் பெருகின. அந்தக் குறியைப் பார்த்து ‘எங்கள் குடும்பம் அப்போது நொடித்துப்போயிருந்தது’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாதிரியார் இரக்கப்பட்டு மூன்று பென்ஸை மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கலாம்.

பங்குப் புத்தகத்தில் ஒரு குடும்பத்தின் கல்யாணங்கள் மட்டும் இருந்து, பிள்ளைகளின் ஞானஸ்நானம் ஒன்றுகூட இல்லாவிட்டால் அதற்கும் ஒரு பொருள் உண்டு. 1754 முதல் 1837 வரை குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர யாராக இருந்தாலும் இங்கிலாந்து திருச்சபைக் கோயிலில் மணந்தால்தான் திருமணம் செல்லும். அதனால் பாப்டிஸ்ட்காரரும் காங்கிரிகேஷனல்காரரும் கத்தோலிக்கரும் அங்கே வந்து மணந்தார்கள், பிள்ளைகளைத் தங்கள் சொந்தச் சபைக்குக் கொண்டுபோனார்கள். இல்லாத பதிவு, குடும்பத்தின் மதப் பிரிவைக் காட்டிக்கொடுக்கிறது.

கதவைத் தட்டியவர் எழுதியது

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு வகை. பிரிட்டனில் 1801இல் தொடங்கியது, ஆனால் முதல் நான்கும் பெரும்பாலும் தலை எண்ணிக்கைதான். நாடு முழுவதும் ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது 1841 ஜூன் 6 கணக்கெடுப்பில். (நம் நாட்டில் தனிநபர் விவரங்கள் வெளியே வருவதே இல்லை, 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை மூடிவைத்திருக்கிறது. பிரிட்டனில் நூறு ஆண்டு கழித்துத் திறந்துவிடுகிறார்கள். 1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.)

1841 தாளைக் கையில் எடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்தில் வழுக்கி விழுவார்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைக் கீழ்ப்பக்கமாக ஐந்தின் மடங்காக்கி எழுதும்படி கணக்கெடுப்பாளர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 ஆவார், 39 வயதுக்காரர் 35 ஆவார். சிலர் அதைப் பின்பற்றாமல் உண்மையான வயதையே எழுதினார்கள். ஆகவே தாளில் 30 என்று இருந்தால் அது 30 முதல் 34 வரை எதுவாகவும் இருக்கலாம். வீட்டிலிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்பதும் 1841இல் கிடையாது. ஒரு ஆண், ஒரு பெண், மூன்று பிள்ளைகள் என்றால் கணவன் மனைவி என்றுதான் தோன்றும். அண்ணனும் விதவைத் தங்கையும் அவள் பிள்ளைகளுமாக இருக்கலாம். உறவும் திருமண நிலையும் பிறந்த பங்கும் 1851இல்தான் வந்தன.

கணக்கெடுப்பு நாளும் நிலையானதல்ல. 1820 மே 1இல் பிறந்த ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1841 ஜூன் 6இல் அவளுக்கு வயது 21. அடுத்த கணக்கெடுப்பு 1851 மார்ச் 30. அன்று அவளுக்கு வயது 30, ஏனென்றால் பிறந்தநாள் இன்னும் வரவில்லை. பத்து ஆண்டில் ஒன்பது வயதுதான் கூடியிருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம், 1901 வரைக்கும் நாம் பார்ப்பது குடும்பத்தார் எழுதிக் கொடுத்த தாளை அல்ல. அந்தத் தாள்களை வாங்கி, கணக்கெடுப்பாளர் தன் புத்தகத்தில் படியெடுத்தார். பின்னர் அந்தத் தாள்கள் அழிக்கப்பட்டன. எழுதத் தெரியாத வீட்டில் அவரே கேட்டு எழுதினார். வேற்று வட்டார வழக்கில் சொன்ன ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதினார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1911இல்தான் குடும்பத் தலைவரின் சொந்தக் கையெழுத்து நமக்குக் கிடைக்கிறது. முப்பாட்டன் மையில் தொட்டு எழுதிய எழுத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது கை ஒரு கணம் நின்றுவிடும்.

பிறந்த ஊர் விஷயத்தில் ஒருவரே 1851இல் ஒன்று, 1861இல் ஒன்று, 1871இல் ஒன்று சொல்லியிருப்பார். பெரும்பாலும் இதற்கு எளிய காரணம்தான். பக்கத்துக் கிராமத்துக்காரனிடம் கிராமத்தின் பெயரைச் சொல்வோம், தூரத்து நகரத்துக்குக் குடிபோனபின் எல்லோருக்கும் தெரிந்த பெரிய ஊரைச் சொல்வோம். மூன்று பதில்களையும் வரைபடத்தில் வைத்தால் ஒரு சின்ன வட்டத்துக்குள் அடங்கும். இன்னொரு காரணம் கொஞ்சம் வேதனையானது. 1662இல் தொடங்கிய குடியிருப்புச் சட்டங்களின்படி, ஏழையானவரை அவருக்கு உரிமையுள்ள பங்குக்கே திருப்பி அனுப்பலாம். அந்தப் பயத்தோடு வளர்ந்தவர், அரசு ஆள் கதவைத் தட்டிக் கேட்கும்போது, இந்த ஊரிலேயே பிறந்தேன் என்று சொல்லியிருந்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

உறவுச் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘மருமகள்’ என்று நாம் பொருள் கொள்ளும் ஆங்கிலச் சொல்லை அப்போது மனைவிக்கு முந்தைய கணவர் மூலம் பிறந்த மகளுக்கும் பயன்படுத்தினார்கள். 47 வயது அம்மாவுக்கு ஒரு கைக்குழந்தை, வீட்டில் 19 வயது மணமாகாத மகளும் இருக்கிறாள் என்றால், அந்தக் குழந்தையின் ஞானஸ்நானப் பதிவைத் தேடிப்பிடித்துப் பார்க்க வேண்டும். கணக்கெடுப்பில் தாத்தா பாட்டியின் பிள்ளையாக இருப்பவன், தேவாலயப் புத்தகத்தில் அந்த மகளின் பிள்ளையாக இருப்பான். தகப்பன் பெயருக்கான இடம் காலியாக இருக்கும்.

வயது கூடிய தேசம்

முரண்பாட்டுக்குப் பின்னால் ஒரு சட்டமே இருக்க முடியும் என்பதற்கு அயர்லாந்தைப் பார்க்க வேண்டும். அங்கே 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுதாக இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் பத்து ஆண்டில் பதினைந்து வயது கூடிய கிழவர்களையும் கிழவிகளையும் பார்க்கலாம். 1901இல் 57 என்றவர் 1911இல் 72.

1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 70 வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை. ஆனால் வயதை எப்படி நிரூபிப்பது? அயர்லாந்தில் எல்லோருக்குமான பிறப்புப் பதிவு தொடங்கியதே 1864இல். 1909 ஜனவரியில் எழுபது வயதான ஒருவரிடமும் அரசுப் பிறப்புச் சான்றிதழ் இருக்க வழியில்லை. 1839 ஜனவரி 6 இரவு அந்த நாட்டைப் புரட்டிப்போட்ட பெரும் புயல் ஒன்று உண்டு. ‘பெருங்காற்று இரவு எனக்கு நினைவிருக்கிறது’ என்று சொல்லி வயதை நிறுவியவர்களின் கதைகள் இன்றும் அங்கே பேசப்படுகின்றன. தன் வயதே சரியாகத் தெரியாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். 1901இல் குத்துமதிப்பாகச் சொன்னதுதான் தப்பு, 1911இல் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கம் என்ற குடும்பங்களும் இருக்கின்றன. ஆகவே, பென்ஷனுக்காகப் பொய் சொன்னார்கள் என்று ஒரே போடாகப் போட்டுவிட முடியாது.

வேறு வழியில்லாதபோது, 1841, 1851 கணக்கெடுப்புகளில் அந்த ஆள் குழந்தையாக இருக்கிறாரா என்று டப்ளின் ஆவணக் காப்பகத்தில் தேடிப் பார்க்க விண்ணப்பித்தார்கள். ஊழியர் தேடி, கிடைத்ததை ஒரு படிவத்தில் எழுதிவைத்தார். பிறகு 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், நான்கு நீதிமன்றங்கள் வளாகத்தில் இருந்த அந்தக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி சாம்பலானது. 1861 முதல் 1891 வரையானவற்றை அரசே அதற்கு முன்பு அழித்துவிட்டது. ஆனால் அந்தப் பென்ஷன் தேடல் படிவங்கள் தப்பின. 1851இல் ஒரு குடிசைக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதற்குச் சில குடும்பங்களுக்கு மிஞ்சியிருப்பது, ஒரு கிழவி 5 ஷில்லிங்குக்காகக் கொடுத்த விண்ணப்பத்தின் ஓரத்தில் இருக்கும் குறிப்புதான்.

அயர்லாந்தின் கத்தோலிக்கப் பதிவேடுகளில் பெயர்களை லத்தீனில் எழுதும் வழக்கம் பரவலாக இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். ஜேம்ஸ் அங்கே யாகோபுஸ், வில்லியம் குலியெல்முஸ். வீட்டில் நோரா என்று கூப்பிட்டவள் ஹொனோரா. இங்கிலாந்திலும் மேரியைப் பாலி என்றார்கள், ஆனை நான்சி என்றார்கள். கணினித் தேடல் பெட்டியில் ‘பாலி’ என்று தட்டிவிட்டு ஆள் இல்லை என்று வருந்துபவருக்கு, மேரி என்று தட்டினால் ஆள் கிடைப்பாள்.

ஒரு முறையும் இல்லாதவர், இரண்டு முறை இருப்பவர்

சிலர் எவ்வளவு தேடினாலும் அகப்படுவதில்லை. சார்லி சாப்ளினுக்கு இன்றுவரை பிறப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லை. 1889 ஏப்ரல் 16இல் லண்டனில் பிறந்ததாக அவர் சொன்னார். அவர் பிறந்த சில வாரத்தில் வெளியான ஒரு கலையரங்கப் பத்திரிகை அறிவிப்போ 15 என்கிறது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கா கேட்டுக்கொண்டதால் பிரிட்டிஷ் உளவுத் துறையான எம்ஐ5 தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை. அந்தக் கோப்புகள் 2012இல் வெளியாயின. அவர் பிறந்தது பர்மிங்காம் பக்கத்தில் ஒரு ஜிப்சி வண்டியில் என்று சொல்லும் கடிதம் ஒன்றும் சாப்ளினின் உடைமைகளில் இருந்தது. உளவுத் துறையாலேயே முடியாதபோது, நம் வீட்டுச் சமையல்காரப் பாட்டியின் பதிவு கிடைக்கவில்லை என்பதற்காக ஏதோ மர்மம் என்று நினைக்க வேண்டியதில்லை. 1837 ஜூலையில் இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு தொடங்கினாலும், பதியாவிட்டால் தண்டனை என்ற நிலை 1875இல்தான் வந்தது. அதன் பிறகும் நாடோடி வாழ்க்கை வாழ்ந்தவர்கள் விட்டுப்போனார்கள்.

இதற்கு நேர் எதிர் எமிலி வைல்டிங் டேவிசன். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்கள் 1911 கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். எமிலி ஏப்ரல் 2 இரவு நாடாளுமன்றக் கட்டடத்தின் நிலவறைத் தேவாலயத்தில் ஓர் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டார், அன்றிரவு தன் இருப்பிடம் நாடாளுமன்றம் என்று எழுத வைப்பதற்காக. அப்படியே எழுதினார்கள். அவர் வாடகைக்குத் தங்கியிருந்த வீட்டிலும் அவர் பெயர் எழுதப்பட்டது. ஒரே இரவில் ஒரே ஆள் இரண்டு இடத்தில். இவருடைய வரலாறு தெரியாமல் தாளை மட்டும் பார்த்தால், அதே பெயரில் இன்னொரு பெண் இருந்தாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இங்கிலாந்துக் குடும்பம் ஒன்று 1841இல் காணாமல் போய், 1851இல் திடீரென்று முளைத்து, பிள்ளைகளின் பிறந்த ஊராக ‘கிழக்கிந்தியா, மதராஸ்’ என்று இருந்தால் வழி நம் ஊருக்குத் திரும்புகிறது. புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயம் 1680இல் அர்ச்சிக்கப்பட்டது. பின்னாளில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல் அதே ஆண்டு அங்கேதான் மணந்தார். மதராஸ் மாகாணத்துத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. டெவன் கிராமத்தில் தேடிக் களைத்த ஒரு சிப்பாயின் மகள், திருச்சி கண்டோன்மெண்ட் பாதிரியாரின் கையெழுத்தில் கிடைக்கலாம். சில சமயம் அம்மா பெயருக்குப் பக்கத்தில் ‘இந்தியப் பெண்’ என்பதோடு நின்றிருக்கும், பெயரே இருக்காது. அந்தப் பெண்ணைத் தேட வேண்டும் என்றால் அந்தப் பதிவேடு உதவாது. எனக்கு மிகவும் வலிக்கும் இடம் அது.

முரண்பாட்டை அழிக்காமல் வைத்துக்கொள்வது

தேடுபவர்கள் செய்யும் பெரிய தவறு, பொருந்தும் முதல் ஆளைப் பிடித்துக்கொள்வது. ஒரு கிராமத்தில் ஜான் கார்ட்டர் என்று தேடுகிறோம், 1812இல் ஒரு ஞானஸ்நானம் கிடைக்கிறது, சந்தோஷமாகக் குடும்ப மரத்தில் ஒட்டிவிடுகிறோம். அதே கிராமத்தின் அடக்கப் புத்தகத்தைப் புரட்டினால் அந்த ஜான் ஆறு மாதத்தில் இறந்துபோயிருப்பான். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பது அங்கே சாதாரணம், அடுத்த ஜான் 1814இல் இருப்பான். அல்லது இந்த ஜானின் சித்தப்பா மகன் இன்னொரு ஜானாக இருப்பான். கிடைத்த ஆள் தவறான ஆள் என்று நிரூபிக்க முடிகிறதா என்று முதலில் முயன்று பார்ப்பதுதான் நல்ல பழக்கம். அதற்கு அடக்கப் புத்தகத்தைவிடச் சிறந்த துணை இல்லை.

1813 முதல் ஞானஸ்நானத்துக்கு அச்சிட்ட படிவம் வந்தது, அதில் அப்பாவின் தொழிலும் இருப்பிடமும் உண்டு. அதற்கு முன்பு ‘வில்லியம், மேரி ஆகியோரின் மகன் ஜான்’ என்பதோடு முடிந்துவிடும். அந்தக் காலத்துக்குப் போகும்போது ஆளைத் தனியாகத் தேடினால் பிடி கிடைக்காது. கூடப் பிறந்தவர்கள் எல்லோரையும், கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர்களையும், கணக்கெடுப்பில் பக்கத்து வீட்டில் இருந்தவர்களையும் சேர்த்துத் தேட வேண்டும். ஆன் ஹாத்வேயை நமக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு சாட்சியும் ஓர் இடையரும்தானே.

கிடைத்த ஒவ்வொரு வயதையும் ஊரையும் பெயரையும், அதை யார் யாருக்குச் சொன்னது என்ற குறிப்போடு வரிசையாக எழுதிவைத்தால் போதும், பல முடிச்சுகள் தாமாகவே அவிழும். ஞானஸ்நானப் பதிவில் பிறந்த நாள் மார்ச் 3, அரசுச் சான்றிதழில் மார்ச் 20 என்று வருகிறது. பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதமாகப் போன அப்பா, கெடு தாண்டாமல் இருக்கத் தேதியைக் கொஞ்சம் தள்ளிச் சொல்லியிருக்கிறார். இரண்டு தேதியும் குறிப்பில் இருந்தால்தான் இந்தக் காரணம் கண்ணில் படும். ஒன்றை ‘சரி’ என்று வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டால், அலுவலக வாசலில் நின்று யோசித்த அந்த அப்பாவையும் சேர்த்து அழித்துவிடுகிறோம்.

இணையத்தில் தேடுபவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. இங்கிலாந்து பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் பழைய பிறப்பு அட்டவணையில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் 1911 நடுவிலிருந்துதான் உண்டு. 2016இல் வந்த புதிய இணைய அட்டவணையில் 1837 வரை பின்னோக்கி அதைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இரண்டு தகப்பன்களின் பிள்ளைகளைப் பிரித்தெடுக்க இது பெரிய வரம்.

1911 கணக்கெடுப்புத் தாளில் இன்னொரு பகுதியும் உண்டு. மணமான பெண்கள் எத்தனை ஆண்டு மணவாழ்வு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்று நான்கு எண்கள் எழுத வேண்டும். கடைசி மூன்றும் 9, 6, 3 என்று இருக்கும். இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் பிறந்து இறந்த குழந்தை எந்தக் குடும்பத் தாளிலும் வராது, அந்த 3க்குள்தான் இருக்கும். கேள்வி மணமான பெண்களுக்கு மட்டும். ஆனால் விதவைகளும், மனைவியை இழந்த ஆண்களும்கூட அதை நிரப்பிவிட்டார்கள். அலுவலக எழுத்தர்கள் பின்னால் அவற்றின்மேல் கோடு போட்டார்கள். கோட்டுக்கு அடியில் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு அந்தப் பங்கின் அடக்கப் பதிவேட்டுக்குப் போனால், ‘வயது 5 வாரம்’, ‘வயது 14 மாதம்’ என்ற வரிகளில் ஒவ்வொரு பெயராக எழுந்து வரும். மூன்றாவது பெயர் கிடைக்கும்வரை தேடலாம்.